பேப்பர் இல்லாத பக்கம்

ஒரு கண்ணாடிக்கு எத்தனை பக்கம் என்று கேட்டால் இரண்டு என்று சட்டென்று சொல்லிவிடுவேன். அதில் எது எந்தப் பக்கம் என்று கேட்டால்தான் எனக்கு இன்றைக்கும் தலை சுற்றும். மகளுக்குக் காது குத்திய அந்த வாரம் முழுக்க நான் இந்தக் குழப்பத்தில்தான் கிடந்தேன்.

கூடலூரில் எங்கள் வீட்டுச் சுவர் தெருவை ஒட்டியே இருக்கிறது. முன்னறை ஜன்னலில் நின்றால் நேர் எதிரே அண்ணன் வீட்டு வாசல். கூடப் பிறந்த அண்ணன். நடுவில் இரண்டு ஜீப் ஒதுங்கிப் போகிற அளவுக்குத்தான் தெரு. வீடு கட்டும்போது அண்ணனுக்கு எதிரிலேயே இருக்கப் போகிறோம் என்று ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்பட்டேன். குடிவந்து ஒரு வருஷம் முடிவதற்குள் அந்த ஜன்னலாலேயே இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றுபோனது.

அண்ணன் மனைவி, என் மதினி, பால் வாங்கப்போன இடத்தில் சொன்னாராம்: "எங்க வீட்டுக்கு யாரு வாராக, யாரு போறாகன்னு என் நாத்துனா அந்த ஜன்னல்லயே உக்காந்து கணக்கெடுக்குறா." பால் காய்வதற்குள் பேச்சு என் காதுக்கு வந்துவிட்டது. நான் ஜன்னலில் உட்காருவது உண்மை. பிள்ளைக்குத் தலைசீவ அங்கேதான் வெளிச்சம். எதிரே ஒரு வாசல் இருந்தால் கண் அதன்மேல் போகவும்தான் செய்யும். அதற்காக ஊருக்குள் சொல்வதா? நேரே போய்க் கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் அன்றைக்கே கத்தி முடித்திருப்போம். கேட்காமல் வீட்டுக்காரரிடம் போய், "அந்த ஜன்னலை மறைங்க, இல்லைன்னா செங்கல் வச்சு அடைங்க" என்று குதித்தேன்.

எங்க வீட்டுக்காரர் குமுளிக்கு மேலே ஏலத்தோட்டங்களுக்கு ஆள் ஏற்றிப்போகிற ஜீப் ஓட்டுகிறார். விடியுமுன் போனால் சாயங்காலம்தான் வருவார். வண்டிக் கண்ணாடிக்கு ஸ்டிக்கர் ஒட்டுகிற அவருடைய சிநேகிதர் ஒருவர், நான் வேலைக்குப் போயிருந்த நேரத்தில் வந்து ஜன்னலுக்குக் கூலிங் பேப்பர் ஒட்டிவிட்டுப் போனார். பெயர்தான் பேப்பர். உண்மையில் அது கருந்தேநீர் நிறத்தில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக். வெளியிலிருந்து பார்த்தால் முகம் பார்க்கிற கண்ணாடிபோல் பளபளக்கும், உள்ளே இருப்பது எதுவும் தெரியாது. உள்ளிருந்து பார்த்தால் தெரு முழுக்கத் தெரியும். அதாவது, நான் வேடிக்கை பார்ப்பதாகச் சொன்னவருக்குப் பதிலடியாக, யாருக்கும் தெரியாமல் வேடிக்கை பார்க்க வசதி செய்து வைத்திருக்கிறேன். இது எனக்கே ஒரு வாரம் கழித்துத்தான் உறைத்தது. மதினிக்கு அன்றைக்கே உறைத்துவிட்டது. அவர் வாசலில் வந்து நின்றால் என் ஜன்னலில் அவர் வாசலே அவருக்குத் தெரிந்தது. அதற்கப்புறம் எதிர்வீட்டுக் கதவு பாதி சாத்தியே இருந்தது. எங்களுக்குள் ஆகாமல் போனதில் லாபம் ஜீப் டிரைவர்களுக்குத்தான். வண்டியை ஓரங்கட்டி, என் ஜன்னலைப் பார்த்துத் தலைசீவிவிட்டுப் போவார்கள்.

இப்படி மூன்று வருஷம் ஓடியது. என் மகளுக்கு ஐந்து வயது முடிந்தது. ஒரு வயதில் காது குத்தியிருக்க வேண்டும். அப்போது வீடு கட்டுகிற வேலை நடந்தது. மூன்றாவது வயதில் சண்டை. இனியும் தள்ளினால் பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் கேலி செய்யும் என்று மாமியார் நாள் குறித்துவிட்டார். வெள்ளிக்கிழமை, தேவதானப்பட்டிப் பக்கம் இருக்கிற எங்கள் குலதெய்வம் கோயிலில். நாள் குறித்த கையோடு அவர் ஒரு கேள்வியும் கேட்டார்.

"மடி யாருது?"

எங்களில் காது குத்தும்போது பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். தாய்மாமன் எதிர்வீட்டில் குத்துக்கல்லாட்டம் இருக்கிறார். ஆனால் வெற்றிலை பாக்கு வைத்துக் கூப்பிடாமல் அவர் வரமாட்டார். "கூப்பிட்டா வாரேன்" என்று அண்ணன் யாரிடமோ சொன்னதாகவும் கேள்விப்பட்டேன். நான் என்ன நினைத்தேன் என்றால், ஊருக்குள் பேசியது அவர்கள், முதலில் அவர்கள் வரட்டும். தாய்மாமனுக்கு மருமகள்மேல் இருக்கிற உரிமைக்கு அழைப்பு வேறு வேண்டுமா? இப்படியே இரண்டு பக்கமும் முறுக்கிக்கொண்டு நிற்க, வீட்டுக்காரர் கெங்குவார்பட்டியில் இருக்கிற என் சித்தப்பா மகனிடம் சொல்லி வைத்தார். அவனும் பிள்ளைக்குத் தாய்மாமன் முறைதான், மடிக்கு ஆள் கிடைத்தாயிற்று. அன்றைக்கு ராத்திரி நான் சாப்பிடவில்லை. என் பிள்ளை சொந்த மாமன் இருக்க இன்னொரு மடியில் உட்காருவதை என்னால் நினைத்துப் பார்க்கவே முடியவில்லை. அதற்காகத் தெருவைத் தாண்டிப் போய்க் கூப்பிடவும் கால் வரவில்லை.

விசேஷத்துக்காக வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். உள்ளே சுவருக்கு, வெளியே சுவருக்கு, ஜன்னல் கம்பிகளுக்கு வெள்ளை எனாமல். திங்கட்கிழமை வேலை முடிந்தது. செவ்வாய்க்கிழமை மதியம் சாப்பிட வீட்டுக்கு வந்தவள் முன்னறையில் நின்று பார்த்தால், ஜன்னலின் நடுக்கண்ணாடி முழுக்க வெள்ளைப் பொட்டுகள். காய்ந்து இறுகிப்போயிருந்தன. சொந்தக்காரர் எல்லாம் வந்து நிற்கிற வீடு. அதுவும் எந்த ஜன்னல்? எதிர்வீட்டுக்குப் பதிலடியாக நான் வைத்திருக்கிற ஜன்னல். அதில் அழுக்கு இருக்கலாமா? எனக்கு அந்தப் பொட்டுகளைப் பார்க்கப் பார்க்கப் பற்றிக்கொண்டு வந்தது. பெயின்டர் தம்பிக்குப் போன் போட்டேன்.

"தம்பி, கண்ணாடி பூரா பெயின்ட். எந்தப் பக்கம்னே தெரியல. நல்லாத்தான் வேலை பாத்திருக்கீக."

"அக்கா, பேப்பர் இருந்த பக்கம் ஒரு சொட்டு பட்டிருக்காதுக்கா. பேப்பர் இல்லாத பக்கந்தான் பட்டிருக்கும். சோப்புத் தண்ணி அடிச்சு ஊற விட்டு, பிளாஸ்டிக் அட்டையால நைசா தள்ளுங்க, வந்துரும். தின்னர் மட்டும் தொட்டுறாதீக."

இதைவிடத் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. அதை இதைவிடத் தப்பாக ஒருத்தி புரிந்துகொள்ளவும் முடியாது. அவன் சொன்னது செய்தித்தாளை. உள்சுவருக்குப் பெயின்ட் அடித்தபோது கண்ணாடியின் உள்பக்கம் முழுக்கப் பழைய பேப்பரை டேப் போட்டு ஒட்டியிருந்தான். அதை உரித்துக் குப்பையில் போட்டதே நான்தான். ஆனால் அந்த வீட்டில் மூன்று வருஷமாகப் பேப்பர் என்றால் கூலிங் பேப்பர். அது கண்ணாடியின் வெளிப்பக்கம் இருப்பதாகவே நான் நினைத்துக்கொண்டிருந்தேன். பளபளப்பு வெளியில்தானே தெரிகிறது? ஒட்டும்போது நான் பார்க்கவும் இல்லை. ஆக, பேப்பர் வெளியே, பெயின்ட் பேப்பர் இல்லாத பக்கம், அதாவது உள்ளே. கணக்கு சரியாக வந்தது.

விரலால் தடவிப் பார்த்தேன். வழவழவென்றுதான் இருந்தது. ஒரு இடத்தில் கொப்புளம்போல் ஏதோ தட்டுப்பட்டது, அதுதான் பெயின்ட் என்று முடிவு செய்தேன். தெருவில் இறங்கி வெளிப்பக்கத்தையும் ஒரு தடவை தடவிப் பார்த்திருந்தால் வேலை முடிந்திருக்கும். அந்தக் கண்ணாடி திறக்காது, சுவரில் பதித்தது. வெளியே போய்க் கம்பிக்குள் கைவிட்டுத்தான் பார்க்க வேண்டும். மதிய நேரத்தில் அண்ணன் திராட்சைத் தோட்டத்திலிருந்து வந்து வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பார். அவர் முன்னால் போய் நின்று என் ஜன்னலை நானே சுரண்டுவதா? அது மட்டும் நடக்காது.

வெறும் கண்ணாடிதானே என்று பிளேடை எடுத்தேன். சோப்பு, ஊறல் எல்லாம் பேப்பருக்குத்தான், கண்ணாடிக்கு எதற்கு? தின்னர் தொடக்கூடாது என்றான், தொடவில்லை. நான் வேலை பார்ப்பது மருந்துக்கடையில். ஊசி போடுமுன் துடைக்கிற ஸ்பிரிட் ஒரு பாட்டில், காதுகுத்துக்காக முன்னமே வாங்கி வந்திருந்தேன். ஸ்பிரிட் வேறு, தின்னர் வேறு. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

கொப்புளம் இருந்த இடத்தில் பிளேடு வைத்ததும் ஒரு தோல் கிளம்பியது. ஸ்பிரிட்டை ஊற்றிச் சுரண்டினேன், இன்னும் கிளம்பியது. பெயின்ட் இவ்வளவு சுலபமாக உரிகிறதே என்று உற்சாகம். வெள்ளைப் பெயின்ட் ஏன் பழுப்பு நிறத்தில் உரிகிறது என்று ஒரு நொடி சந்தேகம் வரத்தான் செய்தது. பழைய பெயின்டாக இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். புது வீட்டில் ஏது பழைய பெயின்ட் என்று யார் கேட்கப் போகிறார்கள்?

உள்ளங்கை அகலத்துக்கு உரித்த பிறகு வழித்துத் துடைத்துவிட்டுப் பார்த்தேன். வெள்ளைப் பொட்டுகள் அப்படியே இருந்தன. ஒன்றுகூடக் குறையவில்லை. அதைவிட, அந்த உள்ளங்கை அகலத்தில் தெரு வேறு மாதிரி இருந்தது. வெயிலில் கண் கூசியது. அண்ணன் வீட்டுச் சுவர் மஞ்சளாக இருந்தது. எலுமிச்சம்பழ மஞ்சள். நான் மூன்று வருஷமாக அதை மண் நிறம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன், மதினிக்கு நிறம் தேர்ந்தெடுக்கத் தெரியவில்லை என்று மாமியாரிடம் கேலிகூடப் பேசியிருக்கிறேன். கையில் இருந்த பழுப்புத் தோலை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அப்போதுதான் புரிந்தது, நான் உரித்தது பெயின்ட் இல்லை, கூலிங் பேப்பர். உட்கார்ந்துவிட்டேன்.

அதற்குள் கடைக்குத் திரும்புகிற நேரம். மாத்திரை எடுத்துக் கொடுக்கும்போதும் அதே யோசனை. பேப்பர் உள்ளே இருக்கிறது என்றால் பெயின்ட் எங்கே இருக்கிறது? பெயின்டர் பேப்பர் இல்லாத பக்கம் என்றானே? பேப்பர் இப்போது அந்த இடத்தில் எந்தப் பக்கமும் இல்லையே? பேப்பருக்கும் கண்ணாடிக்கும் நடுவில் பெயின்ட் போயிருக்குமோ என்றுகூட யோசித்தேன். இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்றுவலி மாத்திரையை நீட்டி முதலாளியிடம் பாட்டு வாங்கினேன்.

புதன்கிழமை மதியம் வந்து பார்த்தால், உரித்த இடத்தில் பசை நின்றிருந்தது. தூசி ஒட்டி அசிங்கமாக இருந்தது. பொட்டு போகாவிட்டாலும் பசையாவது போகட்டும் என்று மஞ்சள் துணியில் ஸ்பிரிட் நனைத்துத் தேய்க்க ஆரம்பித்தேன். வட்டமாகத் தேய்த்தால் பசை பரவியது. மேலிருந்து கீழாக, மேலிருந்து கீழாகத்தான் இழுக்க வேண்டியிருந்தது. கை ஓய்ந்துபோகும். நிறுத்துவேன், மறுபடி இழுப்பேன். வியாழக்கிழமையும் அதே வேலை. மறுநாள் விடிந்தால் கோயிலுக்குக் கிளம்ப வேண்டும். வீட்டில் ஆயிரம் வேலை கிடக்க, நான் ஒரு உள்ளங்கை அளவு கண்ணாடியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். மனசு மடியிலேயே கிடந்தது. கையை இழுத்துக்கொண்டே அழுதுகொண்டிருந்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

பேப்பரை உரித்த ஓட்டை வழியாக அண்ணன் வீட்டு வாசல் தெரிந்தது. அண்ணன் நாற்காலியிலிருந்து எழுந்து உள்ளே போனார். துண்டோடு போனவர் சட்டை போட்டுக்கொண்டு வெளியே வந்தார். தெருவில் இறங்கினார். எங்கோ கிளம்புகிறார் என்று நினைத்தேன். கேரளா பக்கம் போகிற ஜீப் ஒன்று ஹாரன் அடித்தது. அது கடந்து போகட்டும் என்று நின்றவர், நேராக என் வாசலுக்கு வந்தார்.

ஓட்டை போட்டு வேடிக்கை பார்க்கிறாள் என்று சண்டைக்கு வருகிறார் என்றே நினைத்தேன். நாளைக்கு விசேஷத்தை வைத்துக்கொண்டு இன்றைக்குச் சண்டையா? துணியைக் கையில் வைத்தபடியே போய்க் கதவைத் திறந்தேன்.

அண்ணன் படியில் ஏறாமல் நின்றார். மூன்று வருஷம் கழித்து இவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன். காதோரம் நரைத்திருந்தது.

"என்ன ஆத்தா, நேத்துப் பிடிச்சுக் கூப்பிட்டுக்கிட்டே இருக்க? ஏதும் அவசரமா?" என்றார்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. யார் கூப்பிட்டது? யாரை?

"நேத்து மொதல்ல பாக்கயில ரோட்டுல போற ஆளத்தான் கூப்பிடுறன்னு நெனச்சேன். இன்னைக்கும் கையி. எனக்குத்தானா, வேற ஆளுக்கான்னு ஒரே யோசனை. உன் மதினிதான் சொன்னா, உங்களத்தான் கூப்பிடுறா, போயிட்டு வாங்கன்னு."

என் கையைப் பார்த்தேன். உள்ளங்கையை வெளிப்பக்கம் காட்டி, விரலை மடக்கி, மேலிருந்து கீழாக. நம் ஊரில் ஒருவரை 'வா' என்று கூப்பிடுவது அப்படித்தானே. கண்ணாடி முழுக்கக் கூலிங் பேப்பர் இருக்க, உள்ளங்கை அகல ஓட்டையில் என் கை மட்டும் தெரிந்திருக்கிறது. ஆள் தெரியவில்லை. ஒரு கை, இரண்டு நாளாக, நின்று நின்று, எதிர்வீட்டைப் பார்த்து வா வா என்று அசைந்துகொண்டிருந்திருக்கிறது.

நான் எங்கே கூப்பிட்டேன், கண்ணாடியல்லவா துடைத்தேன் என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உண்மையும் அதுதான். அதைச் சொன்னால் அண்ணன் என்ன செய்வார் என்று எனக்குத் தெரியும். கூப்பிடாத வீட்டுக்கு வந்துவிட்டோம் என்று கூனிக்குறுகித் திரும்பிப் போவார். அதற்கப்புறம் இந்த ஜென்மத்தில் இந்தப் படிக்கு வரமாட்டார். சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டிருந்தார். அவசரத்தில் போட்ட சட்டை.

"கூப்பிட்டேன்ணே," என்றேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். என் வாய் நிற்குமா? "கூப்பிட்டு ரெண்டு நாளாச்சு, இப்பத்தான் வழி தெரிஞ்சுச்சாக்கும்?"

"கையை மட்டும் ஆட்டுனா? வாயில்லயா உனக்கு?"

"உனக்கு இருந்துச்சா?"

அண்ணன் சிரித்தார். நான் அழுதேன். படியேறி வந்து, முதலில் பிள்ளை எங்கே என்று கேட்டார். பள்ளிக்கூடத்திலிருந்து இன்னும் வரவில்லை என்றேன். அவள் காதுக்குத் தோடு ஒரு வருஷமாக வாங்கி வைத்திருப்பதாகச் சொன்னார். நான் தண்ணீர் எடுக்கிற சாக்கில் அடுப்படிக்குள் போய்விட்டேன்.

சாயங்காலம் வீட்டுக்காரர் வந்ததும் முறையாகத் தட்டில் வெற்றிலை பாக்கு பழம் வைத்து, நாங்கள் இருவரும் தெருவைத் தாண்டிப் போய்க் கூப்பிட்டோம். மதினி தட்டை வாங்கிக்கொண்டு, "வாங்க" என்று ஒரு வார்த்தைதான் சொன்னார். கெங்குவார்பட்டிக்குப் போன் போட்டுத் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னால் சித்தப்பா மகன், "அப்பாடா, பிள்ளை மடியில உக்காந்து கத்துமேன்னு ரெண்டு நாளா எனக்குத் தூக்கமில்ல" என்றான்.

வெள்ளிக்கிழமை கோயிலில் என் மகள் மொட்டைத் தலையோடு மாமன் மடியில் உட்கார்ந்தாள். முன்னே பின்னே பேசியறியாத மாமன். வாழைப்பழத்தைக் கையில் கொடுத்து, தலையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டார். ஆசாரி ஊசியை எடுத்ததும் கோயிலே அதிரக் கத்தினாள். கத்தி முடிந்ததும் அதே நெஞ்சில் சாய்ந்து தூங்கிவிட்டாள்.

சாப்பாட்டுப் பந்தி முடிந்து நானும் மதினியும் மரத்தடியில் பாத்திரங்களுக்குக் காவலாக உட்கார வேண்டி வந்தது. மதினிதான் முதலில் கேட்டார்.

"அந்தக் கண்ணாடியில பெயின்டு போச்சா?"

"எங்க மதினி போச்சு? அப்படியேதான் இருக்கு" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நான் கண்ணாடி துடைத்தது இவருக்கு எப்படித் தெரியும்? அண்ணனிடம் நான் சொல்லவே இல்லை. வீட்டுக்காரரிடமும் சொல்லவில்லை.

"உங்களுக்குத் தெரியுமா?"

"மஞ்சத் துணிய வச்சுக்கிட்டு யாராச்சும் ஆளக் கூப்பிடுவாகளா?" என்றார் மதினி. "உங்க அண்ணனுக்குத்தான் துணி தெரியல. அவுக கையத்தான் பாத்தாக."

"தெரிஞ்சுமா நான் கூப்பிடுறேன்னு அண்ணங்கிட்ட சொன்னீக?"

மதினி கரண்டியை எடுத்துச் சட்டிக்குள் போட்டு மூடியைச் சரியாக வைத்தார். எனக்குக் குழப்பம் தீரவில்லை, வேறொரு குழப்பமாக மாறியிருந்தது. பால் வாங்கும் இடத்தில் அப்படிப் பேசியவர் இவர்தானா? மூன்று வருஷமாக நான் கோபப்பட்டுக்கொண்டிருந்தது யார்மேல்?

"நீ உள்ளருந்து எத்தன நாளு தேச்சாலும் அது போகாது," என்றார் பிறகு, என் முகத்தைப் பார்க்காமல். "கறை எங்க பக்கம்ல இருக்கு. ஊருக்குப் போனதும் நான் வந்து எடுத்து விடுறேன்."

நான் சரி என்று தலையை ஆட்டினேன்.